80 ஜிபி வன்தட்டும் இரண்டு நகல்களும்

ஏழெட்டு ஆண்டுகளாக வீட்டின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்த மேசைக் கணினியை அகற்றிவிடலாம் என்று சென்ற மாதம் முடிவு செய்தோம். அதை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்த பிறகு, நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அப்பா கேட்டார்: "என் கட்டுரை எல்லாம் அதுலதானப்பா இருக்கு, எடுத்துட்டியா?" எடுக்கவில்லை. கணினியைத் தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

2004-இல் வாங்கிய கணினி அது. விண்டோஸ் எக்ஸ்பி, 256 எம்பி நினைவகம், 80 ஜிபி வன்தட்டு. இன்று ஒரு விரல்நுனி அளவுள்ள மெமரி கார்டில் அதைப்போலப் பல மடங்கு கொள்ளளவு இருக்கிறது என்பதால், அதிலுள்ளவற்றை நகலெடுப்பது அரை மணி நேர வேலைதான், இதற்காகப் புதிதாக எதையும் வாங்கப்போவதில்லை என்ற எண்ணத்துடன்தான் தொடங்கினேன். செலவைக் குறைப்பதில் ஓரளவு வெற்றியும் பெற்றேன். ஆனால் இந்த வேலையில் பணத்தைவிடச் சீக்கிரமாகத் தீர்ந்துபோகக்கூடியது ஒன்று உண்டு என்பதும், அது அந்தப் பழைய வன்தட்டில் மிச்சமிருக்கும் ஆயுள் என்பதும் முதல் நாளே புரிந்துவிட்டது. எத்தனை மணி நேரம் மிச்சமிருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு கணக்கிலிருந்துதான் நாம் செலவழிக்கிறோம்.

முதல் நாள் நான் செய்தது முழுக்கத் தவறு. மின்சாரம் கொடுத்ததும் கணினி எழுந்துவிட்டது. மதர்போர்டிலிருந்த காசு போன்ற பேட்டரி செத்துப்போயிருந்ததால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. எஃப்1 விசையை அழுத்தினால்தான் மேலே போவேன் என்று நின்றது. அழுத்தினேன். பழைய பச்சைப் புல்வெளிப் பின்னணி தெரிந்ததும் வந்த வேலை மறந்துபோய், புகைப்படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு முறை சேமித்திருந்த படங்களை நீக்கினேன், கோப்புறைகளுக்குப் பெயர் மாற்றினேன், 'எடுப்பதற்கு முன்னால் ஒழுங்குபடுத்திவிடலாமே' என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இதற்கிடையே பல ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் விழித்துக்கொண்டு, முழு வன்தட்டையும் துழாவத் தொடங்கியது. முக்கால் மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. சற்று இடைவெளி விட்டு மறுபடியும் 'டக்'. சுட்டி உறைந்து நின்றது. ஒரு கோப்பைக்கூட நான் அதுவரை வெளியே எடுத்திருக்கவில்லை.

வன்தட்டுக்குள் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுழல, அவற்றின் பரப்பைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. நின்றிருந்த மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில்தான் அது மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆகவே நெடுநாள் கிடப்பில் இருந்த வன்தட்டை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சும்மா ஓட்டிப் பார்ப்பதே ஒரு செலவு. நகல் போய்ச் சேரவேண்டிய இடம், இணைக்கும் கேபிள், பயன்படுத்தப்போகும் மென்பொருள் எல்லாவற்றையும் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்ட பிறகு ஒரே முறை ஓட்டி, அந்த ஓட்டத்திலேயே வேலையை முடிப்பதுதான் சரி. ஒழுங்குபடுத்துவது, இரட்டையாக இருப்பவற்றை நீக்குவது, பழைய படங்களைப் பார்த்துச் சிரிப்பது எல்லாவற்றையும் நகலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் செய்யலாம்.

கணினி நல்லபடியாக இயங்கும் நிலையில் இருப்பவர்களுக்குச் செலவே இல்லாத வழி, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து நேரடியாக இயக்குவதுதான். வன்தட்டில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பழைய விண்டோஸ் எழுந்து பின்னணியில் தன் வேலைகளைச் செய்து வன்தட்டைப் படுத்துவதும் இராது. கடவுச்சொல் மறந்துபோன பயனர் கணக்குகளின் கோப்புறைகளையும் லினக்ஸ் பெரும்பாலும் தடையின்றிக் காட்டிவிடும். அந்தக் காலத்து ப்ராசசர்கள் பல 32 பிட் வகையைச் சேர்ந்தவை என்பதால் ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற, 32 பிட் பதிப்பு உள்ள சிறிய லினக்ஸ் வகைகளைத் தேடி எடுக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து தொடங்கத் தெரியாத கணினியாக இருந்தால் அதையே குறுவட்டில் எழுதிக்கொள்ளலாம்.

யுஎஸ்பி துளையின் வேகத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 2000-ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0 நடைமுறையில் நொடிக்கு ஏறக்குறைய 30 எம்பி தரும். அதற்கு முந்தைய 1.1 வகையிலோ நொடிக்கு 1 எம்பி வந்தாலே பெரிது. 40 ஜிபியை முதல் வகையில் அரை மணிக்குள் எடுத்துவிடலாம், இரண்டாவது வகையில் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணினியில் 1.1 மட்டுமே இருக்கிறது என்றால், நெட்வொர்க் கேபிள் ஒன்றை எடுத்து இரு கணினிகளையும் நேருக்கு நேர் இணைத்துவிடலாம். 100 மெகாபிட் நெட்வொர்க் கார்டுகூட நொடிக்குப் பத்துப் பதினோரு எம்பி கொண்டுபோகும். இரண்டில் ஒன்று புதிய கணினியாக இருந்தால் அதற்கென்று தனியான கிராஸ்ஓவர் கேபிள்கூடத் தேவைப்படாது. ஆனால் எக்ஸ்பியின் கோப்புப் பகிர்வு முறை மிகப் பழையது, அதைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக அண்மைய விண்டோஸ் பதிப்புகள் விலக்கி வைத்துவிட்டன. ஆகவே இங்கும் பழைய கணினியை லினக்ஸில் எழுப்பி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு அனுப்புவதே தலைவலி இல்லாத வழி.

'டக்' சத்தம் வந்துவிட்ட என் கணினிக்கு இவை எதுவும் பொருந்தாது. பெட்டியைத் திறந்து வன்தட்டைக் கழற்றினேன். ஐடிஇ வகை வன்தட்டு அது. அகலமான சாம்பல்நிற ரிப்பன் கேபிளும், பின்புறம் 40 ஊசிகளுக்கான இடமும் கொண்டது. 2003-க்குப் பிறகு மெல்ல மெல்லப் பரவிய சாட்டா வகையின் சிறிய இணைப்பான் இதில் பொருந்தாது. இரண்டு வகைகளையும் யுஎஸ்பியாக மாற்றித்தரும் அடாப்டர்கள் உண்டு. பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடமிருந்து அப்படி ஒன்றை இரவல் வாங்கினேன். ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோ தேவைப்படும் பொருளை இரவல் வாங்குவதில் எனக்குக் கூச்சம் இல்லை. மேசைக் கணினி வன்தட்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும், அவ்வளவையும் யுஎஸ்பி தராது. ஆகவே தனி மின்னிணைப்புடன் வரும் அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். மடிக்கணினியின் சிறிய வன்தட்டுக்கு 5 வோல்ட் போதும் என்பதால் யுஎஸ்பியிலேயே ஓடிவிடும்.

இணைத்தேன், வன்தட்டு சுழலும் ஓசை கேட்டது, கணினியில் ஒன்றும் தெரியவில்லை. செத்தே போய்விட்டது என்று சில நிமிடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ரிப்பன் கேபிளுக்கும் மின்னிணைப்புக்கும் நடுவில் இருக்கும் நான்கைந்து ஜோடி ஊசிகளும், அவற்றில் ஒரு ஜோடியின்மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அரிசி அளவு பிளாஸ்டிக் துண்டும் நினைவுக்கு வந்தன. அதுதான் ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு வன்தட்டுகளை மாட்டிய காலத்தில் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். என் வன்தட்டில் அது ஸ்லேவ் நிலையில் இருந்தது. எந்த ஊசியில் மாட்டினால் எந்த நிலை என்ற படம் வன்தட்டின் மேல் ஒட்டிய சீட்டிலேயே அச்சாகியிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, புருவ முடி பிடுங்கும் இடுக்கியால் அதை மெல்ல உருவி மாஸ்டர் இடத்தில் மாட்டியதும், கணினி உடனே அடையாளம் கண்டுகொண்டது. செத்துவிட்டது என்று குப்பைக்குப் போன வன்தட்டுகளில் எத்தனை இந்த ஒரு துண்டினால் போனவையோ.

புதிய விண்டோஸ் கணினியில் இப்படி இணைக்கும்போது 'இந்த வட்டை ஃபார்மட் செய்யவேண்டுமா' என்றோ, 'பிழைகளைச் சரிசெய்யவா' என்றோ ஒரு பெட்டி எழும்பக்கூடும். இரண்டுக்கும் மறுப்புத்தான் பதில். செக்டிஸ்க் போன்ற சரிசெய்யும் கருவிகள் கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதற்காக வன்தட்டில் எழுதுகின்றன. சாகக் கிடக்கும் வன்தட்டில் எழுதுவது அதன் மிச்ச ஆயுளையும் குடிக்கும், மீட்கக்கூடிய கோப்புகளையும் சிதைக்கும். வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு வைத்தியம் இன்னமும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் ஈரம் படியும் ஒரு பொருளை, முனைக்கும் தகட்டுக்கும் இடையே நானோமீட்டர் இடைவெளி மட்டுமே உள்ள ஒரு பொருளை, அப்படிச் செய்யலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. சத்தம் விடாமல் தொடர்ந்து, வன்தட்டு அடையாளமே காணப்படாமல் போனால் அத்துடன் நிறுத்திவிட்டு, உள்ளிருப்பது அதற்குரிய செலவுக்குத் தகுமா என்று யோசித்துத் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியதுதான்.

என் வன்தட்டு அந்த அளவுக்குப் போயிருக்கவில்லை. சில இடங்களில் படிக்க முடியாமல் திணறியது, அவ்வளவே. இத்தகைய நிலைக்கென்றே எழுதப்பட்ட, இலவசமாகக் கிடைக்கும் கருவி குனு டிடிரெஸ்க்யூ. சாதாரணமாகக் கோப்புகளை இழுத்துப்போட்டு நகலெடுத்தால், படிக்க முடியாத இடம் வந்ததும் கணினி அங்கேயே நின்று மீண்டும் மீண்டும் முட்டும். பத்து விநாடி வேலைக்குப் பத்து நிமிடம் வன்தட்டு அடி வாங்கும். டிடிரெஸ்க்யூவோ கோப்புகளைப் பார்ப்பதில்லை. வன்தட்டின் தொடக்கம் முதல் இறுதிவரை உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஒரே பெரிய படிமக் கோப்பாக எடுக்கிறது. திணறும் இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப்போய், எளிதாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, கடைசியில்தான் குறித்த இடங்களுக்குத் திரும்பி வருகிறது. எதை எடுத்தோம், எது பாக்கி என்ற கணக்கை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும் வன்தட்டு களைத்துப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பை மறந்துவிட்டு இதை இயக்குவது, பேரேடு இல்லாமல் கணக்கு எழுதுவது போன்றது.

இதில் உயிர்போகும் தவறு ஒன்றே ஒன்றுதான்: மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிடுவது. கட்டளையை அழுத்துவதற்கு முன், இணைந்திருக்கும் வட்டுகளின் பட்டியலைக் கொள்ளளவுடன் பார்த்துத் தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலில் 80 ஜிபி வன்தட்டு 74.5 என்று தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கத்தில் கணக்கிடுகிறார், கணினி 1024-இன் பெருக்கத்தில் கணக்கிடுகிறது. இடையில் எதுவும் காணாமல் போகவில்லை. படிமக் கோப்பு முழு வன்தட்டின் அளவுக்கே இருக்கும் என்பதால் அதைவிடக் கூடுதல் இடம் இலக்கில் இருக்க வேண்டும், இலக்கு ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கவும் கூடாது. அந்த அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எனக்கு முதல் முயற்சி 4 ஜிபியில் நின்றதற்குக் காரணம் இதுதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரவு தொடங்கியதை காலையில் வந்து பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள வன்தட்டாக இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிட்டது என்றும், மிச்ச இரவு முழுவதும் சில எம்பிகளுக்காகப் போராடியிருக்கிறது என்றும் பதிவில் தெரிந்தது. இறுதியில் சில நூறு கேபி மட்டும் மீளவில்லை. அவை எந்தக் கோப்புகளைச் சேர்ந்தவை என்று பார்த்தபோது, இரண்டு பாடல்களும் விண்டோஸின் சொந்தக் கோப்பு ஒன்றும் அடிபட்டிருந்தன. நான் முதல் நாள் ஆர்வத்தில் நீக்கிய படங்களில் சிலவற்றைக்கூட, ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியால் அதே படிமத்திலிருந்து பின்னர் மீட்டேன். கோப்பின் பெயர்கள் போய்விட்டன, படங்கள் வந்துவிட்டன. வன்தட்டைக் கழற்றி உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தேன். அதன் பிறகு அது ஒரு முறைகூடச் சுழலவில்லை.

படிமத்தைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் இணைத்துக்கொண்டு நிதானமாகத் துழாவலாம். 'மை டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்தியடைபவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். எக்ஸ்பியில் ஒவ்வொரு பயனருக்கும் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்பதற்குள் தனிக் கோப்புறை உண்டு. மேசைத்திரையில் போட்டுவைத்தவை அங்கேதான் இருக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸின் மின்னஞ்சல்கள் டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளாக, மறைக்கப்பட்ட உள் கோப்புறை ஒன்றின் ஆழத்தில் கிடக்கும். அந்நாளில் பலர் டி டிரைவ் என்று ஒரு பிரிவை வைத்துக்கொண்டு, 'பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று முக்கியமானவற்றை அதில் போட்டார்கள்; அது அதே வன்தட்டின் இன்னொரு பகுதிதான் என்பதை யோசிக்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. எக்ஸ்பியில் கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அது குறியாக்கம் செய்யப்பட்டது என்று பொருள். அதைத் திறக்க அந்தப் பயனர் கணக்கின் சான்றிதழும் வேண்டும் என்பதால், கணினி ஓடும்போதே அதன் குறியாக்கத்தை நீக்கிவிட முடிந்தால் நல்லது.

தமிழில் தட்டச்சு செய்த கோப்புகளை வைத்திருப்பவர்கள் எடுக்கவேண்டிய இன்னொரு கோப்புறை விண்டோஸுக்குள் இருக்கும் எழுத்துருக்களின் கோப்புறை. எனக்கு இது தோன்றியது தற்செயலாகத்தான். அப்பாவின் கட்டுரைகளில் ஒன்றைப் புதிய கணினியில் திறந்ததும் திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் சிதறிக் கிடந்தன. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று அப்பா முகம் வாடிவிட்டார். கெடவில்லை. அவை பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. அந்த முறையில் 'அம்மா' என்ற சொல் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே பதிந்திருக்கிறது. எம் வடிவத்துக்குப் பதில் 'அ' வரைந்து காட்டும் வேலையை எழுத்துருதான் செய்கிறது. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. பாமினி மட்டுமா? டிஸ்கி என்ற குறியீட்டு முறை இருந்தது; 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் இருந்தன; ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதன் சொந்த ஏற்பாடு ஒன்று இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கணினியில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்குரிய லதா எழுத்துரு இருந்திருக்கிறது. எங்களில் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

படிமத்திலிருந்து பாமினி எழுத்துருவை எடுத்துப் புதிய கணினியில் நிறுவியதும் கட்டுரை பழையபடி எழுந்து நின்றது. அடுத்து யூனிகோடுக்கு மாற்றினேன். அதற்கு இலவச மாற்றிகள் பல உள்ளன. ஆனால் மாற்றி என்பது கண்மூடித்தனமான ஒரு வேலைக்காரன்: கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்துப் பொருளற்ற எழுத்துக்கோவையாக்கிவிடும். ஆகவே மாற்றிய கோப்பைத் தனிக் கோப்புறையில் வைத்து, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் ஒன்றாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். எந்தக் கோப்புக்கு எந்த எழுத்துரு என்று ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதியும் வைத்தேன்.

எடுத்தவை சரியாக வந்திருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருப்பேன். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுவது முதற்படி. ஷா-256 என்ற கணக்கீட்டின்படி ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணெழுத்துக் கோவையை உருவாக்கிச் சேமித்துவைத்தால், ஐந்தாண்டு கழித்தும் ஒரு நகலில் ஒரு பிட் மாறியிருந்தால் தெரிந்துவிடும்; இதற்கான கருவிகள் லினக்ஸிலும் விண்டோஸிலும் கூடவே வருகின்றன. அதோடு ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் ஒரு படம், ஒரு ஆவணம், ஒரு காணொளி என்று திறந்து கண்ணால் பார்த்தேன்.

இதுவரை செலவு என்று எதுவும் இல்லை. கையிலிருக்கும் பணத்தை எங்கே செலவிடலாம் என்று கேட்டால், இரண்டாவது நகலில் என்பேன். ஒரே ஒரு பெரிய வன்தட்டை வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுப் பழையதைத் தூக்கி எறிந்தால், முன்பும் ஒரு நகல், இப்போதும் ஒரு நகல்தான். மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 முறையைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர். எனக்கு அதை அப்படியே கடைப்பிடிக்க வசதி இல்லாததால் சற்றுச் சுருக்கினேன். நடுத்தரக் கொள்ளளவில் புதிய வெளிப்புற வன்தட்டு ஒன்று வாங்கினேன். இரண்டாவது நகலுக்கு, திரை உடைந்துபோன பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டுக்கொண்டேன். அதன் உடல்நிலையை முதலில் பார்த்தேன்: வன்தட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பட்டியலில் 5, 197, 198 என்று எண்ணிட்ட வரிசைகள், படிக்க முடியாமல் மாற்றிவைத்த இடங்கள் எத்தனை, ஐயத்துக்குரிய இடங்கள் எத்தனை என்று சொல்பவை. மூன்றிலும் சுழியம் இருந்ததால் எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைத்தாலும் தொட்டிருக்க மாட்டேன். அந்த வன்தட்டு இப்போது அக்காவின் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

பென் டிரைவைக் காப்பு நகலுக்கு நான் நம்புவதில்லை. கொண்டுசெல்வதற்கு அது நல்லது. ஆண்டுக்கணக்கில் மின்சாரமே படாமல் கிடக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் மின்னூட்டம் மெல்லக் கசியும். மிக மலிவாகக் கிடைக்கும் பெருங்கொள்ளளவுப் பென் டிரைவுகளில் போலிகளும் உண்டு. 512 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லிவிட்டு, உண்மையில் இருக்கும் சில ஜிபி நிறைந்ததும் மேலே வருவதை விழுங்கிவிடும். எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற கருவிகள் முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே சோதித்தால் திருப்பிக் கொடுக்கலாம். 4.7 ஜிபி டிவிடிகளில் எழுதுவதையும் யோசித்தேன், அவற்றின் சாயப் படலம் மங்கும் என்பதாலும் பத்துப் பதினைந்து வட்டுகளை மாற்றி மாற்றிப் போட எனக்குப் பொறுமை இல்லாததாலும் விட்டுவிட்டேன்.

கிளவுடில் இலவசமாகக் கிடைக்கும் இடத்தை, அளவில் சிறியதும் மதிப்பில் பெரியதுமானவற்றுக்கு ஒதுக்கினேன். கூகுள் தரும் 15 ஜிபியில் மின்னஞ்சலும் அடக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாண்டு தொடாத கணக்கை நீக்கிவிடும் விதியும் அதற்கு உண்டு. கணக்குப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 80 ஜிபியில் பாதிக்கு மேல் பாடல்களும் திரைப்படங்களும், இன்று எங்கும் கிடைப்பவை. அப்பாவின் கட்டுரைகள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் சேர்ந்து 11 எம்பி. முதல் நாளே அந்த ஒரு கோப்புறையை எடுத்திருந்தால், 'டக்' சத்தம் வருவதற்குள் ஒரு பழைய பென் டிரைவில் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கணினியை வன்தட்டு இல்லாமலே கொடுத்துவிட்டோம். வன்தட்டை எப்போதாவது அப்புறப்படுத்துவதாக இருந்தால் முழுவதும் அழித்தோ உடைத்தோதான் கொடுக்க வேண்டும். வெறுமனே ஃபார்மட் செய்தால், ஃபோட்டோரெக் எனக்குச் செய்ததை வேறு யாருக்கும் செய்யும். இரண்டு நகல்களையும் ஓராண்டு கழித்து ஒருமுறை திறந்து சோதித்த பிறகு அதைச் செய்யலாம் என்றிருக்கிறேன்.

யூனிகோடுக்கு மாற்றிய கட்டுரைகளை எழுத்தின் அளவைக் கூட்டி அப்பாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தவர், இரண்டாவது பத்தியில் நின்றார். "இங்க 'ப்' விட்டுப்போயிருக்கு பாரு. உன் மாத்துற மென்பொருள் தின்னுடுச்சா?" மூலக் கோப்பைப் பாமினி எழுத்துருவில் திறந்து, அதே வரியைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அங்கும் 'ப்' இல்லை. அவர் சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான்தான் விட்டிருக்கேன். திருத்திடலாமா?" என்றார். மூலத்தைத் தொடாமல் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்; மூன்று நாளாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்.